எலியட்ஸ் கடற்கரையும் ஒரு பி.காம் பாடமும்

பெசன்ட் நகர் பீச் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், ஞாயிற்றுக்கிழமை சாயங்கால டிராஃபிக். இவற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மேப்பைத் திறந்து பாருங்கள். வடக்கே அடையாறு முகத்துவாரம். அதை ஒட்டி பிரம்மஞான சபையின் தோப்பு. 1882இல் சபை அங்கே இடம் வாங்கியதிலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்த காடு அது. அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் சாய்ந்துவிட்டது, ஆனாலும் விழுதுகள் இன்றும் நிற்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில் தொல்காப்பியப் பூங்கா. தெற்கே கலாக்ஷேத்ரா. கடல், ஆறு, காடு மூன்றும் டவுன் பஸ் போகும் தூரத்தில்! வேறு ஊராக இருந்திருந்தால் ரிசார்ட் என்று போர்டு மாட்டி டிக்கெட் போட்டிருப்பார்கள்.

இந்தக் கரையைப் "புதுப்பிக்க" வேண்டும் என்று அடிக்கடி பேச்சு கிளம்புகிறது. புதுப்பிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கேள்வி ஒன்றுதான். அது எந்த மாதிரி செலவு?

பி.காம் முதல் வருட அக்கவுண்ட்ஸ் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. மூலதனச் செலவு, வருவாயினச் செலவு. கட்டடம், மெஷின் வாங்கினால் முதல் வகை. ரிப்பேர், பெயின்ட், பெருக்குகிறவருக்குச் சம்பளம் என்றால் இரண்டாவது வகை. பரீட்சையில் இரண்டுக்கும் ஒரே மார்க்தான். விழா மேடையில் மட்டும் முதல் வகைக்கே மாலை, மரியாதை. ரிப்பன் வெட்ட, கல்வெட்டு வைக்க ஏதாவது வேண்டுமே... "இன்று முதல் தினமும் குப்பை அள்ளப்படும்" என்று எங்கேயாவது கல்வெட்டு பார்த்திருக்கிறீர்களா?

மெரினாவில் 2022 நவம்பர் கடைசியில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள். செலவு 1 கோடியே 14 லட்சம். மிக நல்ல காரியம், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கடல் சொந்தம்தானே. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். பாதை போட்டது தப்பு என்று இதற்கு அர்த்தம் இல்லை. கடலோரம் எது கட்டினாலும் தேய்மானம் முதல் நாளே ஆரம்பித்துவிடும், அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும் என்று அர்த்தம். நம்பிக்கை இல்லாதவர்கள் முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்தைப் போய்ப் பார்க்கலாம். 1967இல் கட்டி 1977 வெள்ளத்தில் போனது. இன்று சினிமா ஷூட்டிங்குக்கும் செல்ஃபிக்கும் பயன்படுகிறது!

தொல்காப்பியப் பூங்கா இன்னொரு உதாரணம். ஒரு காலத்தில் அது கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டும் இடம். குப்பையை அள்ளி, தண்ணீர் நிற்கும் பரப்பைப் பெரிதாக்கி, இந்த மண்ணுக்குரிய செடிகளை நட்டு, 58 ஏக்கரை 2011 ஜனவரியில் திறந்தார்கள். பறவைகள் தாமாக வந்து சேர்ந்தன. வழியைச் சரிசெய்து கொடுத்தால் மீதியை இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அங்கேயும் செலவு 2011இல் முடிந்துவிடவில்லை. 2025இல் மறுபடி புதுப்பித்துத் திறக்க வேண்டியிருந்தது.

இப்போது நீலக்கொடி ஆசை வந்திருக்கிறது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு அமைப்பு, தண்ணீரின் சுத்தம், பாதுகாப்பு என 33 விதிகளைப் பார்த்துத் தரும் சான்று அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளத்துக்கு 2021இல் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொடி ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த வருடம் மறுபடி தேற வேண்டும். ஆக, கொடியே வருவாயினச் செலவுதான்!

பெசன்ட் நகர் கரையில் காசே இல்லாமல் நடக்கும் ஒரு வேலையைப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி, ஒரு குழிக்கு நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுப் போகும். 1988இலிருந்து மாணவர்கள் ராத்திரி முழுக்க மணலில் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைக்கிறார்கள். ஏழு வாரம் போல ஆனதும் குஞ்சு வெளியே வந்து வெளிச்சம் தெரியும் பக்கம் ஓடும். முன்பெல்லாம் வெளிச்சம் என்றால் கடல்தான். இப்போது ஹைமாஸ்ட் விளக்கு. கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு ரோட்டுக்கு வந்துவிடுகிறது.

ஆமைக்கு விளக்கு மட்டுமே எதிரி என்றும் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் தமிழகக் கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. கரைக்கு அருகே விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதை அமல்படுத்த ரோந்து வேண்டும், டீசல் வேண்டும், ஆள் வேண்டும். மறுபடியும் அதே இரண்டாம் வகைச் செலவு.

"அப்போ வசதியே செய்யக் கூடாதா, குடும்பத்தோடு வருகிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், சக்கர நாற்காலிப் பாதை எல்லாம் வேண்டும். வேண்டாதது மணலைச் சாப்பிடும் சாலையும் அலங்காரக் கான்கிரீட்டும். பட்டினப்பாக்கத்தையும் பெசன்ட் நகரையும் கரையோரமாகவே இணைக்கும் சாலை யோசனை பல முறை தலைகாட்டியிருக்கிறது. ஊரூர் குப்பத்து மீனவர்கள் அதை எதிர்க்கிறார்கள். மற்றவர்களுக்கு வெறும் மணலாகத் தெரிவது அவர்களுக்குப் படகுத்துறை, வலை காயும் முற்றம், மீன் விற்கும் சந்தை. அவர்களை ஓரம் கட்டிவிட்டு "புதுப்பொலிவு" என்று சொன்னால், கடை முதலாளியைத் துரத்திவிட்டுக் கடைக்கு வெள்ளையடித்த கதைதான்.

அடுத்த முறை கடற்கரைக்கு இத்தனை கோடி என்று பேப்பரில் படித்தால், இரண்டாவது வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும் அடப்பங்கொடியைப் பிடுங்காமல் இருக்கவும், ஆமைக்குஞ்சு வரும் மாதங்களில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் விளக்கை அணைக்கவும் டெண்டர் எதுவும் தேவையில்லை. ஸ்விட்சை அணைக்க ஒரு ஆள் போதும், தினமும் மறக்காமல் வர வேண்டும், அவ்வளவுதான்.