கடலோர ஹோட்டலில் ஃபேமிலி ட்ரிப்பா? 7,500 ரூபாய் கோட்டைக் கவனிங்க!

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. திருச்சுழி வழியாகப் போகும் குண்டாறும் நல்ல மழை பெய்தால்தான் ஓடும். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் குடும்பங்களுக்குக் கடல்னா, வேன் பிடிச்சு, புளியோதரை கட்டிக்கிட்டு ராமேஸ்வரம் போய், தீர்த்தமாடிட்டு ராத்திரியே ஊர் திரும்புறதுதான். இப்போ வெளியூர்ல வேலை பார்க்கிற பிள்ளைங்க, "அப்பா அம்மாவை ஒரு தடவையாவது கடல் தெரியுற ரூம்ல தங்க வைக்கணும்"னு நினைக்கிறாங்க. நீங்களும் அந்த லிஸ்ட்ல இருந்தா, புக்கிங் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பார்த்துடுங்க.

என்ன மாறியிருக்கு?

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள ரூம்களுக்கு ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைஞ்சிருக்கு. அதுக்கு மேல போனா பழைய 18 சதவிகிதம்தான். 4,000 ரூபாய் ரூம் ரெண்டு, ரெண்டு நாள் எடுத்தா வாடகை 16,000. முன்பு இதற்கு வரி 1,920 ரூபாய், இப்போ 800. மிச்சம் 1,120 ரூபாய்.

மொத்த பில் 7,500-ஐத் தாண்டிடுச்சேனு பயப்பட வேண்டாம். வரம்பு, ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகைங்கிற கணக்குலதான்.

ஃபேமிலி சூட்டில் இருக்கும் சிக்கல்

குடும்பமா போறவங்க சறுக்குற இடம் இதுதான். தாத்தா, பாட்டி, குழந்தைங்க எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்னு 8,000 ரூபாய்க்கு ஒரே பெரிய சூட் எடுத்தா, வரி 1,440 ரூபாய். அதே 8,000 ரூபாய்க்கு அடுத்தடுத்து ரெண்டு ரூம் எடுத்தா, வரி 400 ரூபாய்தான். ஒரு ராத்திரிக்கே 1,040 ரூபாய் வித்தியாசம்!

பொங்கல், கோடை விடுமுறைன்னா ரூம் விலை தினம் மாறும். 7,500 ரூபாய் ரூமுக்கு வரியோட 7,875. அதே ரூம் 7,600 ஆனா, வரியோட 8,968. வாடகை ஏறினது 100 ரூபாய். உங்க பாக்கெட்டிலிருந்து போறது 1,093 ரூபாய். ஒரு நாள் தள்ளிப் போனாலே இது மிச்சமாகலாம். இன்னொண்ணு, போர்டில் இருக்கும் விலைக்கு வரி கிடையாது. தள்ளுபடி போக ஹோட்டல் வாங்கும் வாடகைக்குத்தான் வரி.

சாப்பாட்டு பில்

முந்தைய நிதியாண்டில் ஒரு ரூமையாவது 7,500-க்கு மேல் வாடகைக்கு விட்ட ஹோட்டல்னா, அங்கே இருக்கிற ரெஸ்டாரன்ட்டில் 18 சதவிகித வரி. நீங்க தங்குறது 4,000 ரூபாய் ரூமா இருந்தாலும் இதான் கணக்கு. வெளியே இருக்கிற சாதாரண ஹோட்டல்ல சாப்பிட்டா 5 சதவிகிதம். 2,000 ரூபாய் சாப்பாட்டுக்கு அங்கே 360, இங்கே 100.

பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்'னு தானாகச் சேர்த்திருந்தா, எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதைத் தடுத்து வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சது. எடுக்க மறுத்தா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குறைஞ்ச வரி யாருக்கு?

ஹோட்டல்காரங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. 5 சதவிகித வரி வாங்குற ரூம்களுக்கு, தாங்கள் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியை அவங்க கழிச்சுக்க முடியாது. அந்தச் செலவை வாடகையில் ஏத்தினா, குறைஞ்ச வரி உங்க கைக்கு முழுசா வராது. அதனால 'வரி குறைஞ்சிடுச்சு'ங்கிற விளம்பரத்தைப் பார்க்காம, வரி சேர்த்த கடைசித் தொகையை வெச்சு நாலு ஹோட்டலை ஒப்பிடுங்க. எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு, குழந்தைக்கு எந்த வயசு வரை காசு இல்லை, காலை டிபன் சேர்ந்த விலையானு போன்லயே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்க.

தறிச் சத்தத்துக்கு நடுவுலயும், மானாவாரிக் காட்டுலயும் காசு சேர்த்துப் படிக்க வெச்சவங்க, ஹோட்டல்ல கால் வெச்சதும் முதல்ல கேட்கிறது "மொத்தம் எவ்வளவுப்பா?"ன்னுதான். அந்தக் கேள்விக்கு ஊரை விட்டுக் கிளம்பும்போதே உங்ககிட்ட பதில் இருந்தா, ரெண்டு நாளும் அவங்க நிம்மதியா கடலைப் பார்ப்பாங்க.