கனடாப் போனும் ஊர்ப் பிள்ளையும்



நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற கனடாக்காரரின் சூட்கேசில் சொக்லேற்றுக்கும் கோடாலித் தைலத்துக்கும் பக்கத்தில் இப்போது கட்டாயம் ஒரு போன் இருக்கும். மாமா புதுசு வாங்கியதால் மிஞ்சிய பழைய போன். மருமகனுக்குக் கால் நிலத்தில் நிற்காது.

அந்த மாமாவின் சொந்தப் பிள்ளைகளின் நிலைமை வேறு. ஒன்ராறியோவில் 2024 செப்ரெம்பரிலிருந்து ஆறாம் வகுப்பு வரையான பிள்ளைகள் பள்ளிக்கூட நேரம் முழுக்கப் போனைக் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டும். ஆசிரியர் சொன்னால்தான் எடுக்கலாம். அந்த ஆண்டு மார்ச்சில் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை உட்பட நான்கு சபைகள், பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறார்கள் என்று மெற்றா, ஸ்னாப்சற், ரிக்ரொக் நிறுவனங்கள் மீது வழக்கே போட்டன. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க அனுமதியில்லை. இப்படிக் காவல் போட்ட நாடுகளிலிருந்துதான் காவலில்லாத போன்கள் யாழ்ப்பாணத்துக்கு வருகின்றன.

சிக்கல் தொடங்குவது போனுக்குள் கிடக்கிற கணக்கில். கொக்குவிலில் ஒன்பது வயதுப் பெடியன் பார்க்கிறான். யூரியூப்புக்கோ நாற்பத்தைந்து வயது மாமாதான் பார்க்கிறார். அந்த வயதுக்குரியதெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். மாமாவின் வங்கி அட்டையும் அதிலேயே இருந்தால், விளையாட்டில் வைரம் வாங்கிய செலவு ரொறன்ரோவுக்குப் போகும். அப்போதுதான் அங்கே முழிப்பு வரும்!

கொடுக்கிற மனதைக் குறை சொல்ல முடியாது. 1990க்குப் பிறகு போர்க்காலத்தில் மின்சாரமும் பெற்றரியும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட பிள்ளைகள்தான் இன்றைய மாமாக்களும் மாமிகளும். தங்களுக்கு இல்லாதது அடுத்த தலைமுறைக்கு இருக்கட்டும் என்கிறார்கள். போனைப் பறித்து வைக்கவும் வழியில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடியபோது வட்ஸ்அப்புக்கு ஏறிய வீட்டுப்பாடமும் ரியூசன் குறிப்பும் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

ஆனால் தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அம்மம்மா சோறு குழைத்துத் தீத்துகிறாவே, அதற்கு எந்த ரியூசனும் காரணமில்லை. பிள்ளை வாயைத் திறக்கிறது, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் விழுங்குகிறது. இரண்டு வயதாகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. கொண்டு வருகிறவர் தன் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுதாக அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வெளியேறாமல் அழித்தால் அது பழைய கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளக்கூடும். பிறகு பிள்ளையின் உண்மையான பிறந்த திகதியில் கணக்குத் திறந்து, ஆன்ட்ரொயிட் என்றால் கூகுளின் ஃபமிலி லிங்க் மூலம் தாய் தகப்பனின் போனோடு இணைக்கலாம். எவ்வளவு நேரம், எந்தச் செயலி என்பதெல்லாம் அங்கிருந்தே தீர்மானிக்கலாம். ஐபோனில் அமைப்புகளுக்குள்ளேயே நேரக் கட்டுப்பாடு இருக்கிறது. கடவுச்சொல் மட்டும் பெரியவர்களிடம் இருக்கட்டும். பல வீடுகளில் அம்மம்மாவின் போனுக்கே பேரன்தான் கடவுச்சொல் போட்டவன். இரவில் சார்ஜர் ஹோலில் இருக்கட்டும், அறைக்குள் வேண்டாம்.

யாராவது பிள்ளையை இணையத்தில் மிரட்டினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது.

இந்த முறை போன் கொண்டு வருகிறவரிடம், கையில் வாங்கமுன் கணக்கிலிருந்து வெளியேறியாயிற்றா என்று கேளுங்கள். குறை நினைத்தாலும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வாழும் ஓர் ஊரவர்