அந்தாதி சொன்னால் என்ன கிடைக்கும்?

பரீட்சை நெருங்கிவிட்டால் போதும், பல வீடுகளில் அபிராமி அந்தாதி ஒலிக்க ஆரம்பித்துவிடும். அதிலும் 69-ஆம் பாடலுக்குத்தான் கிராக்கி அதிகம். செல்வமும் கல்வியும் கிடைக்கும் என்று அதில் இருக்கிறதே! ஆனால் சோர்ந்து போகாத மனமும் கிடைக்கும் என்று அதே பாடல் சொல்வதைப் பலர் கவனிப்பதில்லை. உண்மையான பலன் அதுதான்.

அந்தாதியில் ஒரு பாடல் முடிகிற இடத்தில் அடுத்த பாடல் தொடங்கும். 100-ஆவது பாடலின் முடிவு முதல் பாடலின் தொடக்கத்தோடு போய்ச் சேரும். மனப்பாடமாகச் சொல்லும்போது மனம் கொஞ்சம் வேறு பக்கம் போனாலும் அடுத்த அடி வாயில் வராது. அலைகிற மனத்தைப் பாட்டே இழுத்து வந்து உட்கார வைத்துவிடும்.

திருக்கடையூரில் அபிராமி பட்டர் தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லி, சரபோஜி மன்னரின் கோபத்துக்கு ஆளானார் என்பார்கள். கீழே நெருப்பு. மேலே 100 கயிறுகளில் கட்டிய உறி. ஒரு பாடல் முடிந்தால் ஒரு கயிறு அறுபடும். அந்த நிலையிலும் அவர் பாடிக்கொண்டே இருந்தார். 79-ஆவது பாடலில்தான் நிலவு தெரிந்ததாம். யோசித்துப் பாருங்கள், நிலவு பிறகுதான் வந்தது. அஞ்சாத மனம் முதல் பாடலிலேயே வந்துவிட்டது!

மதிப்பெண் படித்தால்தான் வரும். பயமில்லாமல் படிக்க உட்காரும் மனத்தை அந்தாதி தரும். செல்போனில் ஓடவிட்டு வேறு வேலை பார்த்தால் அது கிடைக்காது. பொருள் தெரிந்து, வாய்விட்டு, தினம் பத்துப் பாடல் சொல்லிப் பாருங்கள் நண்பர்களே.