லோகோவே வராத திரையில் டிரைவரைத் தேடியவர்

பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் கிராமங்களில் கணினி வைத்திருப்பவர்களுக்கு அறிவுரை சொல்லப் புறப்பட்ட கட்டுரையாளர் மூன்று கட்டளைகள் இட்டிருக்கிறார். பழைய கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவர் உள்ளே கிடந்தால் புதிய கார்டின் டிரைவரோடு மோதும். ஆகவே கார்டில் கை வைக்குமுன் சேஃப் மோடுக்குள் போய் அதை வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கினாலும் மிச்சம் இருக்கும். ஆகவே விண்டோஸையே ஃபார்மட் செய்துவிடுவது உத்தமம். இதெல்லாம் வலை வீசுகிறவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் புரியாது. ஆகவே பேசாமல் கடைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். முதலாவது அரைகுறை, இரண்டாவது அபத்தம், மூன்றாவது திமிர். கட்டுரையாளர் சர்வீஸ் கடை நடத்துகிறவர் என்பதையும் நினைவில் வைத்துப் படித்தால் மூன்றும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது விளங்கும்.

அவர் காட்டும் ஆதாரம் ஒன்றே ஒன்று. கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோக்காரர், பழைய ஜிடி 710 கார்டைக் கழற்றிவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை மாட்டினாராம். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. கம்பெனி லோகோகூட வரவில்லை. கணினி கடைக்கு வந்தது. இவர் ஃபார்மட் செய்தார். போகிற போக்கில், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிக் கொடுத்ததாக ஒரு வரி எழுதுகிறார். பிறகு புதிய கார்டு ஜம்மென்று வேலை செய்ததாம். ஆகவே குற்றவாளி பழைய டிரைவர்.

லோகோ வரவில்லை என்று எழுதிய அதே கை, டிரைவர்தான் காரணம் என்றும் எழுதுகிறது. பொத்தானை அழுத்தியதும் வரும் அந்த லோகோவைத் திரையில் காட்டுவது மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸும் கார்டுக்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேரும். அந்த நொடியில் விண்டோஸ் இன்னும் கண் திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கையே உருவி மேசைமேல் வைத்துவிட்டு ஆன் செய்தாலும் லோகோ வரும். டிஸ்க்கில் உறங்குகிற ஒரு கோப்பு, டிஸ்க் படிக்கப்படுவதற்கு முன்பே திரையை எப்படி இருட்டாக்கும்? இதற்குக் கட்டுரையில் பதில் கிடையாது. கேள்வியே அவருக்குத் தோன்றவில்லை.

பதில் அவர் போகிற போக்கில் தள்ளிவிட்ட வரியில் இருக்கிறது. ஜிடி 710 அதிகபட்சம் 19 வாட் மின்சாரம் எடுக்கும் கார்டு. மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் 75 வாட் வரை தரும் என்பதால் அதற்குத் தனி வயரே தேவையில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 எடுப்பது 170 வாட். அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டும். 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. ஜிடி 710 ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய பெட்டிக்குள் இருந்த எஸ்எம்பிஎஸ் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். ஊகிக்கவும் வேண்டாம், இவரே மாற்றியிருக்கிறார்! மாற்றியது வேலை செய்தது. பெயர் மட்டும் ஃபார்மட்டுக்குப் போய்விட்டது.

எஸ்எம்பிஎஸ் காரணம் இல்லையென்றாலும் சந்தேகப்பட வேறு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பழவேற்காட்டுக்கு ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் கடல். இரும்பு அலமாரி துருப்பிடிக்கும் காற்றில்தான் கணினியும் மூச்சு விடுகிறது. கார்டின் அடிவிளிம்பில் இருக்கும் தங்க முலாம் பூசிய தொடுமுனைகளிலும், அவை செருகும் ஸ்லாட்டிலும் உப்பும் ஈரமும் படியும். கழற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டினாலே உயிர் வந்துவிடும் கார்டுகள் உண்டு. (பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மூர் மரபு, முலாமும் சேர்ந்து போகும்.) ஃபார்மட் செய்ய வந்த கணினியில் கார்டைக் கழற்றி மாட்டாமலா இருந்திருப்பார்?

அடுத்தது மானிட்டர். பழைய விஜிஏ வயரோடு காலம் தள்ளும் ஸ்டுடியோக்கள் இன்னும் இருக்கின்றன. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலேயே என்விடியா அனலாக் சிக்னலைக் கைவிட்டுவிட்டது. டிவிஐ துளையில் மலிவான விஜிஏ மாற்றியைச் செருகிப் படம் பார்த்த காலம் அதோடு போயிற்று. சிக்னலை மாற்றித் தரும் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும், இல்லையென்றால் எச்டிஎம்ஐ மானிட்டர் வேண்டும். இன்னும் சிலர் கார்டை மாட்டிவிட்டு, வயரை மட்டும் பழக்க தோஷத்தில் மதர்போர்டின் துளையிலேயே செருகிவிடுவார்கள். இதில் எதையும் ஃபார்மட் தீர்க்காது.

சரி, லோகோ வந்து விண்டோஸும் எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது பழைய டிரைவர் புதியதோடு மல்லுக்கட்டுமா? டிரைவர்கள் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர் ஸ்டோர் என்ற கிடங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கார்டும் தன் அடையாள எண்ணைச் சொல்லிக்கொண்டு எழுகிறது: என்விடியா என்றால் 10டிஇ, ஏஎம்டி என்றால் 1002, இன்டெல் என்றால் 8086, அதன்பின் மாடலுக்கான எண். விண்டோஸ் அந்த எண்ணை வைத்துக் கிடங்கில் பொருத்தமான டிரைவரைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. எந்தக் கார்டு ஸ்லாட்டில் இல்லையோ அதன் டிரைவர் ஏற்றப்படுவதே இல்லை. பழவேற்காட்டில் இறால் பிடிக்கும் இடங்களைத் தலைக்கட்டு வாரியாக முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இன்று பாடு இல்லாதவன் வலை கரையில் கிடக்கும். கரையில் கிடக்கிற வலை, ஏரியில் இருக்கிற வலையோடு சண்டை போட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டு கம்பெனி டிரைவர்கள் ஒரே விண்டோஸில் இருந்தாலே மோதும் என்பது உண்மையானால், கடைகளில் விற்கும் கேமிங் லேப்டாப்புகளில் பெரும்பாலானவை பெட்டியைப் பிரித்த அன்றே செத்திருக்க வேண்டும். இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸரோடு வரும் கிராஃபிக்ஸுக்கு ஒரு டிரைவர், என்விடியா கார்டுக்கு இன்னொரு டிரைவர். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருந்து வேலை பார்க்கின்றன. கட்டுரையாளர் தன் கடையில் நாள்தோறும் திறந்து மூடும் பொருள் இது.

பின் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. எக்ஸ்பி காலத்தில் பழையதை நீக்கிவிட்டுக் கார்டை மாற்று என்பது நல்ல புத்திமதியாகத்தான் இருந்தது. 2007இல் கடைக்கு வந்த விஸ்டா டிரைவர் கட்டமைப்பையே மாற்றியது. அதன் முதல் வடிவத்தில் ஒரே சமயத்தில் இரண்டு வெவ்வேறு கம்பெனி கார்டுகளை அதனால் இயக்க முடியாது, எல்லாக் கார்டுக்கும் ஒரே டிரைவர்தான் இருக்க வேண்டும். 2009இல் விண்டோஸ் 7 அந்தத் தடையை நீக்கிவிட்டது. விண்டோஸ் 8 முதல், எந்த டிரைவரும் இல்லாவிட்டாலும் மைக்ரோசாஃப்ட்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர் திரையைக் காட்டிவிடும். கட்டுரையாளர் 2007இல் கற்ற பாடத்தை, அது காலாவதியாகி இத்தனை வருடம் கழித்து, புதுச் சரக்காக விற்கிறார்.

அரைகுறை என்று நான் சொன்னதில் அந்த அரைப்பங்கு உண்மையும் இருக்கிறது. என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ, அங்கிருந்து இங்கேயோ மாறினால் பழையதை நீக்குவதுதான் முறை. அதற்குக் காரணம் மோதல் அல்ல. டிரைவரோடு வந்த உபரி மென்பொருள்கள் கார்டு போன பிறகும் கணினி எழும்போதெல்லாம் சேர்ந்து எழும், இல்லாத கார்டைத் தேடிக்கொண்டு பிழைச்செய்தி காட்டும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து அன்இன்ஸ்டால் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்தது வேலை. புதிய டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, பழையதை நீக்கி, கணினியை அணைத்து, கார்டை மாற்ற வேண்டும். ஒரே கம்பெனிக்குள் மாறுகிறவர்களுக்கு இதுவும் வேண்டாம்; புதிய டிரைவரை அப்படியே மேலே ஏற்றலாம். மனசு கேட்கவில்லை என்றால் என்விடியா இன்ஸ்டாலரிலேயே கிளீன் இன்ஸ்டாலேஷன் என்று ஒரு கட்டம் இருக்கிறது, ஏஎம்டிக்குத் தனியாக அதன் கிளீனப் யூட்டிலிட்டி இருக்கிறது.

சேஃப் மோடில் வேரோடு பிடுங்க அவர் பரிந்துரைக்கும் கருவி டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிரைவர் ஏறாமல் அல்லது நீங்காமல் தகராறு செய்யும்போதும், கம்பெனி மாறும்போதும் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று அதைச் செய்தவரே சொல்கிறார். கருவியைப் பரிந்துரைத்தவர் கூட வந்த குறிப்பைப் படிக்கவில்லை. சேஃப் மோடுக்கும் தனித் தொல்லைகள் உண்டு. பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். வழக்கமான பின் எண்ணை ஏற்காமல் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கலாம், அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இணைய இணைப்பைத் துண்டிக்காமல் பிடுங்கினால், விண்டோஸ் அப்டேட் முந்திக்கொண்டு தன் கையில் இருக்கும் ஏதோ ஒரு டிரைவரை ஏற்றிவிடும். இந்த மூன்றில் ஒன்றையும் சொல்லாமல் ஊரையே சேஃப் மோடுக்குள் அனுப்பப் பார்க்கிறார்.

எதை நீக்குவது என்பதிலேயே மூழ்கிப்போனவர், எதை ஏற்றுவது என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. கைமாறிய கார்டு வாங்குகிறவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அதுதான். ஜிடி 710 சேர்ந்த கெப்ளர் குடும்பத்துக்கு 470 டிரைவர் வரிசையோடு என்விடியா கதவை மூடியது. 2021 அக்டோபர் முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வந்தன. ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 10 வரிசைகளுக்கு 580தான் கடைசி வரிசை என்று 2025இல் அறிவித்துவிட்டது. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக ஜிடிஎக்ஸ் 1060 வாங்கி வந்தவர், புதியதுதானே நல்லது என்று அதற்கு மேற்பட்ட டிரைவரை இறக்கினால் இன்ஸ்டாலர் கார்டையே கண்டுகொள்ளாது. அப்போது கடைக்காரர், பழைய டிரைவரின் மிச்சம் என்று சொல்லி இன்னொரு ஃபார்மட் போடுவார்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 2021இல் வந்த 470 வரிசை டிரைவர்கள் கெப்ளர் கார்டுகளை மட்டுமல்ல, ஆர்டிஎக்ஸ் 3060ஐயும் இயக்கின. 3060 மேல் போட்ட கிரிப்டோ மைனிங் கட்டுப்பாட்டை அந்த ஆண்டு மார்ச்சில் என்விடியா தானே தவறுதலாகத் திறந்துவிட்டதும் 470.05 என்ற பீட்டா டிரைவரில்தான். ஸ்டுடியோக்காரரின் கணினியில் அந்த வரிசை டிரைவர் இருந்திருந்தால், எந்த டிரைவர் புதிய கார்டோடு மோதியதாக இவர் கதை கட்டுகிறாரோ, அதே டிரைவர் அந்தக் கார்டுக்கும் உரியது.

ஃபார்மட் என்பதைத் தலைக்குக் குளிப்பது போலச் சொல்லிவிடுகிறார். ஸ்டுடியோக் கணினியின் சி டிரைவில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பாதியில் நிற்கும் எடிட்டிங் புராஜெக்ட்டுகள், ஆல்பம் டிசைன்கள், செருகுநிரல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முந்தைய வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்துவைத்த அழைப்பிதழும் ஃபிளெக்ஸும் நம் ஸ்டுடியோக்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. எழுத்துரு போய்விட்டால், அந்தக் கோப்பைத் திறக்கும்போது மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் ஆங்கிலக் குப்பைதான் இருக்கும். எந்தப் பதிப்பு எழுத்துரு, எந்தக் கீபோர்டு மென்பொருள் என்று தேடியலைய வேண்டியது கடைக்காரரல்ல. உரிமம் உள்ள விண்டோஸை அழித்துவிட்டு உரிமம் இல்லாத ஒன்றை ஏற்றித் தரும் வழக்கமும் நம்மூரில் இருக்கிறது. கட்டுரையாளர் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை; அதைப் பற்றி ஒரு வரி எச்சரித்திருக்கலாம் என்கிறேன்.

மூன்றாவது கட்டளைக்கு வருகிறேன். வலை வீசுகிறவர்களுக்குப் புரியாதாம். அந்தக் குப்பங்களில் கடலுக்குப் போகும் ஃபைபர் படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனால் கடைக்குக் கொண்டுபோக வழியில்லை. அங்கேயே பிளக்கைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் வருகிறதா, தீப்பொறி வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள். ஜிபிஎஸ் பார்த்து வலை போட்ட இடத்துக்குத் திரும்புகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலின் எந்தப் பகுதி பக்கம் போகக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டதே இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். விண்டோஸையும் பாஸ் லினக்ஸையும் ஒரே பெட்டியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதுக்காரர்கள். எஞ்சின் நின்றதும் முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரிடம், திரை கறுப்பானால் முதலில் மின்சாரம் போதுமா என்று பார் என்று சொன்னால் புரியாதா? சொல்லித்தான் பார்க்கவில்லை.

ஸ்டுடியோக்காரரிடம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாங்கிய பணம் நியாயமானது, அதை அவர் வைத்துக்கொள்ளட்டும். ஃபார்மட்டுக்கு வாங்கியதைத் திருப்பித் தரட்டும்.