குடியில்லாத் தீவும் குடியுரிமையில்லா மக்களும்

கொத்மலைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்து வாசலில், எழுபதைக் கடந்த கத்தோலிக்க மூதாட்டி ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, கச்சதீவுத் திருநாளுக்கு அந்தக் கரை ஆளுகளும் வருவாங்களாமே! என் தம்பி கூடலூர்ல இருக்கான். அவன் அங்க வந்தா, நானும் போய் ஒரு தடவை பார்த்துட்டு வரலாமா?"

தம்பி கப்பலேறிப் போனபோது அவன் இளைஞன். இன்று அவனுக்குப் பேரப்பிள்ளைகள். அக்காள் இங்கே இலங்கைப் பிரசை. தம்பி அங்கே இந்தியப் பிரசை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை இரு நாட்டவராக்கிய சட்டத்தை நாம் படித்திருக்கிறோம். ஆயினும் அந்த அம்மையாரின் எளிய கேள்விக்கு உடனே விடை கூற இயலாது நின்றோம். அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

கச்சதீவு 285 ஏக்கர் அளவேயான சிறு நிலம். குடிநீர் இல்லை, ஆதலின் குடிமக்களும் இல்லை. ஆனால் அங்கே ஒரு கோயில் உண்டு. இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பார், 1905ஆம் ஆண்டளவில் புனித அந்தோனியாருக்கு அக்கோயிலை எழுப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. கடலோடிகளின் காவலர், காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருபவர் என்று மக்கள் நம்பும் புனிதர் அவர். வலை உலர்த்தவும் இளைப்பாறவும் ஒதுங்கிய தொழிலாளர், புயலிலிருந்து தப்பியவர், நேர்த்திக்கடன் வைத்தவர் ஆகியோரே அக்கோயிலின் பங்குமக்கள். பங்கு உண்டு, பங்கில் வீடு ஒன்றேனும் இல்லை. உலகில் இத்தகைய பங்குகள் எத்தனை இருக்கக்கூடும்?

ஆண்டுதோறும் தவக்காலத்தை ஒட்டி, மாசி பங்குனியில், இரண்டு நாட்கள் மட்டும் அத்தீவு ஊராகும். இராமேசுவரத்திலிருந்து விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வரும். குறிகட்டுவானிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வள்ளங்கள் வரும். கொடியேறும், சிலுவைப்பாதை நடக்கும், தேர் உலா வரும், மறுநாட் காலைத் திருப்பலியோடு மக்கள் கலைவர். யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் ஆளுகைக்குட்பட்டது அக்கோயில். எனினும் வணங்கும் மக்கள் இருகரையினர். அவ்விருகரைத் தமிழரின் மொழியோ ஒன்றே. பெண் கொடுத்து எடுத்த உறவுகள் இரு கரைக்கும் இடையே இருந்தன. அவ்வுறவினர் ஒருவரையொருவர் காணும் முற்றமாகவும் அக்கோயில் விளங்கியது.

இனி 1974ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் இரண்டு உடன்பாடுகள் செய்தனர். ஒன்று மக்களைப் பற்றியது. மற்றது கடலைப் பற்றியது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவர் சிலரே. மலையகத் தமிழர் கட்டாயம் படிக்கவேண்டும்.

முதலாவது, சனவரியில் முடிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக, 75,000, 75,000 எனப் பிரித்துக்கொண்டனர். மூட்டை எண்ணுவது போல் மனிதரை எண்ணினர்! எண்ணப்பட்ட மனிதரை எவரும் ஒரு வார்த்தை கேட்டனரா? இலயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பிராவில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும் வெவ்வேறு விண்ணப்பங்களில் கையெழுத்திட்டு வெவ்வேறு நாட்டினராயினர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமைக் கடந்து, நீலகிரி முதலான இடங்களுக்குச் சென்றனர்.

இரண்டாவது உடன்பாடு, 1974 சூன் 26, 28ஆம் நாட்களில் ஒப்பமாயிற்று. எல்லைக்கோடு கச்சதீவுக்கு மேற்கே வரையப்பட்டது, தீவு இலங்கைக்குரியதாயிற்று. ஆயினும் அதன் ஐந்தாம் உறுப்பு யாது கூறுகிறது? இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வந்து செல்லலாம். அதற்காக அவர்களிடம் பயணப் பத்திரமோ விசாவோ இலங்கை கோராது என்பதே அதன் சாரம். 1976ஆம் ஆண்டின் கடிதங்கள் இந்திய மீனவர் நம் கடலில் மீன்பிடிப்பதை விலக்கின, யாத்திரையை விலக்கவில்லை.

வாசகர்கள் இவ்விடத்தில் நின்று சிந்திக்கவேண்டும். அதே ஆண்டு, அதே இரு தலைவர்கள். கடலைப் பிரித்தபோது, எல்லைக்கோட்டினும் மூத்தது மக்களின் வழக்கம் என்று ஒப்புக்கொண்டனர். கோயிலுக்குப் போகும் வழியை அடைக்கலாகாது என்று எழுதியே வைத்தனர். மக்களைப் பிரித்தபோதோ, அம்மக்களின் நூற்றாண்டு கடந்த வாழ்வும் உழைப்பும் உறவும் வழக்கமாகத் தோன்றவில்லை. அக்காளைக் காணத் தம்பி வந்து செல்லலாம் என்று ஓர் உறுப்பை எழுத எவர் பேனாவும் அசையவில்லை. ஆளில்லாத் தீவுக்குக் காட்டிய கருணையில் ஒரு துளியேனும் ஆளுள்ள லயங்களுக்குக் கிட்டவில்லை! நாடற்றோர் எனும் பழியை நம் நாட்டுச் சட்டம் துடைக்க 1988ஐயும் 2003ஐயும் எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எழுதிவைத்த உரிமையாவது ஒழுங்காக நடந்ததா? போர்க்காலத்தில் பல்லாண்டுகள் திருவிழா தடைப்பட்டது. 2010இல் மீண்டும் எழுந்தது. 2016 டிசம்பரில் கடற்படையினர் கட்டிய புதிய கோயில் அபிடேகம் பெற்றது. 2024இல், சிறைப்பட்ட மீனவருக்காக இராமேசுவரம் மீனவர் திருவிழாவைப் புறக்கணித்தனர். 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீவை மீட்கத் தீர்மானம் நிறைவேற்றியது. செப்டெம்பர் 1இல் இலங்கைச் சனாதிபதி தீவில் கால் பதித்து, விட்டுக்கொடோம் என்றார். கோயில் எங்கே? கொடிகளின் நிழலில் மறைந்து கிடக்கிறது.

நம் நிலையைத் தெளிவாகக் கூறுவோம். தீவு எவருக்குரியது என்ற வழக்கை நாம் மீண்டும் திறக்க வரவில்லை. யாத்திரை உரிமையைக் காட்டி, வடபுலத்து மீனவரின் வலையையும் வாழ்வையும் வாரிச்செல்லும் இழுவைமடிக்கு நியாயம் தேடுவாருக்கும் நாம் துணைபோகோம். போரில் கடலை இழந்து மீண்ட அவ்வேழை மக்கள் நம் உடன்பிறப்புகள். வேண்டுவோர் வேறு, பிடிப்போர் வேறு. மீன்வழக்கின் சினத்தைத் திருவிழாவின்மேல் எவரும் காட்டலாகாது என்பதே நம் வாதம்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஐந்தாம் உறுப்பை இரு அரசுகளும் சலுகையாகவன்றி உரிமையாக மதிக்கவேண்டும். திருவிழாவின் பொறுப்பு மறைமாவட்டத்திடமும் இருகரை மக்களிடமும் இருக்கவேண்டும். கடற்படையின் பணி உயிர்காப்போடு நிற்கவேண்டும். மூன்றாவதாக, தலைமன்னார் இராமேசுவரம் கப்பல் மீண்டும் ஓடவேண்டும். ஒப்பந்தங்களாற் பிரிந்த குடும்பத்தினர் செலவும் அலைச்சலுமின்றி ஒருவரையொருவர் காண அனுமதி வழங்கும் முறையொன்றை மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுப் பெறவேண்டும். சந்தாப் பணத்தில் வளர்ந்த நம் தொழிற்சங்கங்கள் இதைச் சம்பளப் பேச்சுக்கு அப்பாற்பட்ட சங்கதி என்று ஒதுக்கலாகாது.

அம்மையீர்! உங்கள் கேள்விக்கு நம் விடை இதுவே. நீங்கள் உங்கள் நாட்டுத் தீவுக்குச் செல்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை. உங்கள் தம்பி யாத்திரிகராக அங்கு வருவதற்கு 1974இல் எழுதிய எழுத்து இடந்தருகிறது. தடுப்பது சட்டமன்று, அதை நடத்துவோரின் மனம். காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருபவர் என்று நீங்கள் நம்பும் புனிதரின் முற்றத்தில், காணாமற்போன தம்பியைக் காணும் நாள் வரவேண்டும். அந்நாளை வருவிப்பது அவர் அருளை மட்டுமன்று, நம் அமைப்பு வலிமையையும் பொறுத்தது.