ஏளனம் எந்தப் பக்கம்?

"ஏளனம் செய்வதற்கு இங்கிலீஷ் மாதிரி ஒரு பாஷை உண்டா?" என்று கோவில்பட்டிக் காப்பிக் கடையில் கேட்டார், படித்த நண்பர் ஒருவர். வாஸ்தவம்தான். வில்லன் என்ற சொல்லையே பாருங்கள். ஆதியில் அதற்குப் பண்ணையாள் என்றே பொருள். உழுதவனையே அயோக்கியனாக்கிவிட்டது அந்தப் பாஷை! நாம் மட்டும் யோக்கியர்களா? 'பட்டிக்காட்டான்' என்று வைதுகொண்டே, அவன் விளைவித்த உளுந்தில் இட்லி தின்கிறோம்.

நகை பிறக்கும் இடம் நான்கு என்ற தொல்காப்பியர், எள்ளலை முதலில் வைத்தார். அது எங்கள் கரிசல் சம்சாரியிடம் நக்கலாக, நையாண்டியாக, எகத்தாளமாக இன்றும் இருக்கிறது. வறட்சியைப் பார்வையிடக் காரில் வந்திறங்கும் அதிகாரியிடம், "அய்யா வந்தாச்சுல்லா, இனி மழை எதுக்கு?" என்பான். அவன் ஏளனம் மேலே இருப்பவனை நோக்கிப் போகிறது. நம்முடையது கீழே இருப்பவன் தலையில் விழுகிறது. எது நாகரிகம், சொல்லுங்கள்?