குணமாக யாரிடம் விடுப்புக் கேட்பது?

விபத்தில் அடிபட்ட பெண் குணமாகிவிட்டாள் என்று நம் வீடுகளில் அறிவிப்பது மருத்துவர் அல்ல, அடுப்பு. அவள் அடுப்படியில் போய் நின்ற நாள்தான் அவள் தேறிய நாள். அதன் பிறகு வலிக்கிறது என்று சொன்னால், "அதான் நடக்கிறாயே" என்பார்கள்.

நாற்கரச் சாலையில் தவறான திசையில் வந்த லாரி, நாங்கள் சென்ற காரின் மீது மோதியது. என் வலது தொடையெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக்கூடாது, பிறகு வாக்கர், பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி என்றார் மருத்துவர். நான்காம் வாரமே கட்டிலுக்கு முறத்தில் கீரை வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டே ஆய்கிற வேலைதானே! மூன்றாம் மாதம் பிசியோதெரபி நின்றது. கூட்டிப்போக ஆளில்லை, நான் போனால் சமைக்கவும் ஆளில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு என் கொழுந்தனாருக்குக் கால் முறிந்தபோது நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். அவர் ஓய்வெடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. எலும்பு கூட அத்தனை நாள் வேண்டும். என்னுடையதும் எலும்புதான்.

எந்த அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டுக்கும் போய்ப் பாருங்கள். ஆண்கள் வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருப்பது மனைவி அல்லது அம்மா. பெண்கள் வார்டில் அம்மா, அக்கா, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வந்த மகள். யார் விழுந்தாலும் தூக்குவது பெண்ணின் இடுப்புதான். என்னைத் தூக்கி உட்காரவைத்த என் அம்மாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. அவருடைய முழங்கால் வலி எந்தக் கேஸ் ஷீட்டிலும் இல்லை.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ள தொழிலாளி நோயுற்றால் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். அது போதாது என்று தொழிற்சங்கங்கள் சண்டை போடலாம். சண்டை போட ஒரு எண்ணாவது இருக்கிறது. வீட்டு வேலை செய்கிறவளுக்கு எத்தனை நாள்? 'இல்லத்தரசி' என்று பட்டம் கட்டி ஒரு நாள் விடுப்புகூட இல்லாத அரசியாக்கிவிட்டோம்.

சட்டம் என்ன செய்தது? மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று கணக்கிட்டது. மனைவி என்றால் சம்பாதிக்கும் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. 1994 முதல் 2018 வரை அந்தக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. கணவன் அதிகாரியானால் அவள் சமைத்த சோற்றுக்கு விலை கூடும்; கூலித் தொழிலாளியானால் குறையும். அதே சோறு!

நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல விழித்தன. 2001இல் உச்ச நீதிமன்றம், தீ விபத்தொன்றில் இறந்த இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதித்தது. 2010இல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் சிறைக்கைதிகளோடும் சேர்த்து வேலை செய்யாதோர் பட்டியலில் வைத்திருப்பதைச் சாடியது. 2021 ஜனவரியில் இன்னொரு வழக்கில், அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கை எடுத்துக்காட்டியது: வீட்டு வேலைக்குப் பெண் ஒரு நாளில் தருவது சராசரியாக 299 நிமிடம், ஆண் தருவது 97 நிமிடம்.

நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால் கவனியுங்கள்: இவை மூன்றிலும் விலை போடப்பட்டது இறந்துபோன பெண்களின் உழைப்புக்கு. செத்தால்தான் அவள் வேலை செய்தாள் என்பது தெரிகிறதா? பிழைத்து, நொண்டி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தோசை ஊற்றுகிறவளிடம் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் கேட்கிறார்: "நீங்கள்தான் எங்கேயும் வேலைக்குப் போகவில்லையே, உங்களுக்கு என்ன வருமான இழப்பு?"

இதற்குப் பதில் 2010இல் உச்ச நீதிமன்றம் தந்த இன்னொரு தீர்ப்பிலேயே இருக்கிறது. ஊனத்தின் விழுக்காட்டை மட்டும் பார்க்காதே, அந்த ஊனம் அந்த ஆளின் வேலையை என்ன செய்தது என்று பார் என்றது அது. இடது கையை இழந்த ஓட்டுநரும் தச்சரும் ஏறக்குறைய முழுப் பிழைப்பையும் இழக்கிறார்கள். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலிருக்கலாம். அதே அளவுகோலை நம் காலுக்கும் வையுங்கள். மடக்க முடியாத கால் என்றால் குந்தி உட்கார முடியாது, தண்ணீர்க் குடம் தூக்க முடியாது, கைக்குழந்தையோடு படியேற முடியாது. ஓட்டுநருக்குக் கை எப்படியோ அப்படியே இவளுக்குக் கால். பல சான்றிதழ்களில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"அன்பை விலை பேசுகிறீர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. அன்பை அல்ல, உழைப்பைப் பேசுகிறோம். 12 வயதில் விபத்தில் சிக்கி, ஆயுள் முழுக்கப் பிறர் துணை தேவைப்பட்ட ஒரு சிறுமிக்கு, இரண்டு உதவியாளர்களுக்கான செலவைச் சேர்த்து 2020இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுத்தது. நர்ஸ் வந்து புரட்டிப் படுக்கவைத்தால் அதற்கு பில் உண்டு. அம்மா புரட்டினால் அது பாசம். புரட்டப்படும் உடம்பின் எடை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஆகவே தோழிகளே, கூச்சப்படாமல் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஓய்வு' என்று மட்டும் எழுத விடாதீர்கள். எத்தனை வாரம் நிற்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது என்று எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். இழப்பீட்டு மனுவில் 'வேலை இல்லை' என்று வக்கீல் எழுதினால் அடிக்கச் சொல்லுங்கள். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து வரை நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதச் சொல்லுங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டவள் யார், எத்தனை நாள், அதற்காக அவள் விட்ட வேலை எது, படிப்பு எது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வீட்டில் உள்ள ஆண்களுக்கும் ஒன்று: ஆறு வாரம் சோறு வடித்தால் யாருக்கும் எலும்பு முறியாது.